கடைக்கு முன்னால் ஓடிய ரயில்

வெளிநாட்டில் நாய்களுக்கு மெத்தை விற்கும் ஒரு கடையைத் தேடுபொறியின் முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்ததில் எனக்குப் பெரிய பங்கு உண்டு. இதை எங்கள் வீட்டில் யாரும் பெருமையாக எடுத்துக்கொண்டதில்லை. நாய்க்கு எதற்கு மெத்தை என்பதிலேயே பேச்சு நின்றுவிடும்.

அட்டன் டவுனில், மேட்டுத் தெரு ஒன்றில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் அக்காவும் மச்சானும் வாடகைக்கு இருந்தார்கள். நான் வேலை பார்த்த கொழும்புக் கம்பனி, இனி எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று அறிவித்து அலுவலகத்தைக் காலி செய்தபோது, நானும் என் கம்ப்யூட்டரும் அந்த மாடிக்கு வந்து சேர்ந்தோம். முன்னறையில் ஒரு சுவரோரம் அக்காவின் தையல் மெஷின். எதிர்ச் சுவரோரம் என் மேசை. நடுவில் இருந்த இடத்தில் மச்சானின் கேமராப் பைகள்.

என் வேலை என்னவென்று அக்கா ஒருமுறை கேட்டாள். நான் பொறுமையாகச் சொன்னேன். ஒருவர் ஏதோ ஒரு பொருளைத் தேடுகிறார். அதை விற்கும் கடை ஆயிரம் இருக்கும். தேடுபொறி முதல் பக்கத்தில் காட்டுவது ஒரு சிலதைத்தான். அந்தச் சிலதில் ஒன்றாக வரவேண்டுமென்றால் கடையின் பக்கம் சட்டென்று திறக்க வேண்டும். வந்தவர் திரும்பி ஓடாமல் பார்க்க வேண்டும், படிக்க வேண்டும், எதையாவது அழுத்த வேண்டும். திறக்க நேரமானால் ஆள் பின்னால் போய் அடுத்த கடையை அழுத்திவிடுவார். அப்படிப் பலர் போனால் நம் கடை கீழே இறங்கும்.

"இதுக்கா மணிக்கணக்கா இங்கிலீசுல பேசிக்கிட்டு இருக்க?" என்றாள் அக்கா.

"ஆமா."

"சரி, சாப்பிட வா."

அக்கா தைத்தது அட்டைக் காலுறை. முழங்கால் வரை வரும், நெருக்கமாக நெய்த காடாத் துணியில் தைத்த பை போன்றது. காலை உள்ளே விட்டு, மேலே நாடாவால் இறுக்கிக் கட்டி, அதற்கு மேல் சப்பாத்தைப் போட்டுக்கொண்டால் இரத்தம் குடிக்கும் அட்டை உள்ளே நுழையாது. மழைக்காலத்தில் மஸ்கெலியா பக்கம் காட்டுக்குள் நடக்க வரும் கொழும்புப் பிள்ளைகள் சிலர், தங்கியிருந்த விடுதிக்காரர் சொல்லி, அக்காவிடம் வந்து தைத்து வாங்கிப் போனார்கள். போனவர்கள் வேறு ஆட்களுக்குச் சொன்னார்கள். அதற்குள் எரிபொருள் இல்லாத வருடம் வந்தது. பஸ் இல்லை, வருகிறவர்கள் இல்லை. மெஷினுக்குப் பக்கத்தில் காலுறைகள் அடுக்கடுக்காக உட்கார்ந்திருந்தன.

மச்சான் கல்யாண வீடியோ எடுப்பவர். அந்த வருடம் கல்யாணங்களும் கோயிலில் தாலியைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போவதாக முடிந்தன. வீடியோவுக்கு யாரும் கூப்பிடவில்லை. அப்போதுதான் அவர் இணையத்தில் கடை போடலாம் என்றார். எனக்குத் தெரிந்த வேலை என்பதால் நான் செய்து தருகிறேன் என்றேன்.

"நீ வெளிநாட்டுக்காரனுக்கு வேல செய்ற ஆளு மாப்ள. ஒனக்கு எங்க நேரம்? நானே பாத்துக்குறேன்" என்றார்.

அவரே பார்த்துக்கொண்டார். கடை திறந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. சாமிப் படங்களுக்கு முன்னால் கம்ப்யூட்டரை வைத்து, அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து, அக்கா கற்பூரம் ஏற்றினாள். மச்சான் கடையின் பெயரைத் தட்டி அழுத்தினார். வெள்ளைத் திரை வந்தது. எல்லோரும் கும்பிட்டபடி நின்றோம். கற்பூரம் எரிந்து அணைந்தது. அக்கா திருநீறு எடுத்து எல்லோருக்கும் பூசினாள். அதற்குப் பிறகு திரையில் ரயில் வந்தது.

அது பட்டிப்பொல ஸ்டேஷன். அதிகாலைப் பனி. பனியைக் கிழித்துக்கொண்டு ரயில் எஞ்சின் மெதுவாக வருகிறது. பிளாட்பாரத்தில் சிவப்புச் சால்வை போர்த்திய ஒரு பெண் நிற்கிறாள். ரயில் அவளைத் தாண்டும்போது அவள் திரும்பிப் பார்க்கிறாள். பின்னணியில் நாதஸ்வரம். திரையில் மேலிருந்து கீழாகப் பனிப்பூக்கள் விழுந்துகொண்டே இருந்தன. நுவரெலியா மாவட்டத்தில் இதுவரை விழாத வகைப் பனி அது. எல்லாம் முடிந்ததும் நடுவில் ஒரு பெட்டி எழுந்து வந்து வணக்கம் சொன்னது. அதை மூடிவிட்டு, கீழே நகர்த்திக்கொண்டே போனால், காலுறை.

சால்வைப் பெண் அக்காதான். அந்தப் பனி சரியாகக் கிடைப்பதற்காக இரண்டு பேரும் பல காலைகள் ஸ்டேஷனில் போய் நின்றார்கள். அக்காவுக்குச் சளி பிடித்து நெடுநாள் விடவில்லை. அந்த வருடத்தில் மச்சான் மனசு வைத்து எடுத்த ஒரே வீடியோ அதுதான். எந்த வெட்டும் உறுத்தாத, உண்மையிலேயே நல்ல வீடியோ. வேறு எங்கே வைத்திருந்தாலும் நான் திரும்பத் திரும்பப் பார்த்திருப்பேன்.

"வீடியோ கொஞ்சம் கனமா இருக்கு மச்சான்" என்றேன்.

"ஆமா மாப்ள. கனமான வேலதான்" என்றார் அவர், கண் கலங்க.

நான் போய் என் மேசையில் உட்கார்ந்தேன்.

காலுறை கேட்டு ஓடர் ஒன்றும் வரவில்லை. முதல் வாரம் யாரும் எதிர்பார்க்கவில்லை. அடுத்தடுத்த வாரங்களில் எதிர்பார்த்தோம். அக்கா காலையில் தேத்தண்ணி ஊற்றிவிட்டு, அடுப்படியிலேயே நின்றபடி போனில் அட்டைக் காலுறை என்று தேடுவாள். தன் கடை எங்கே இருக்கிறது என்று கீழே கீழே போய்க் கண்டுபிடித்து, அதை அழுத்தி, ரயில் வரும்வரை பார்த்துவிட்டுத்தான் வேலைக்கு உட்காருவாள்.

ஒரு நாள் காலையில் அடுப்படியிலிருந்து சத்தம் கேட்டது.

"டேய் தம்பி! மொதல்லயே வந்துருச்சுடா!"

போனைக் கொண்டுவந்து காட்டினாள். உண்மைதான், அவள் கடை எல்லாவற்றுக்கும் மேலே நின்றது. மச்சான் குளித்த தலையோடு ஓடிவந்து பார்த்தார். அக்கா உடனே ரவையை எடுத்து வறுக்கத் தொடங்கினாள். முந்திரி போட்ட கேசரி. கீழே மருந்துக்கடை அம்மாவுக்கும் ஒரு கிண்ணம் போனது.

நான் கேசரியைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் சொன்னேன். நாள்தோறும் ஒரே கடையைத் தேடி அழுத்துகிறவருக்கு, இவர் இதைத்தான் கேட்கிறார் என்று தேடுபொறி அதையே மேலே எடுத்துக் கொடுக்கும். அது அவளுடைய போனுக்கு மட்டும் உரிய முதலிடம்.

"அப்ப மத்தவங்களுக்கு?"

கீழே இறங்கிப் போனோம். மருந்துக்கடை அம்மா சிங்களவர், நல்ல மாதிரி. கேசரிக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டிருந்தவர், விஷயத்தைச் சொன்னதும் தன் போனைத் துடைத்துக் கொடுத்தார். அக்கா தேடினாள். முதல் பக்கத்தில் இல்லை. அடுத்ததில் இல்லை. அதற்கடுத்ததில் காலுறையே இல்லை, அட்டைப் பெட்டி விற்கும் கடைகள் வந்தன. அம்மா அக்காவின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தபடி, "தவ பஹலட்டத?" என்று கேட்டார். இன்னும் கீழேயா என்று அர்த்தம். அவர் வேண்டுமென்று கேட்கவில்லை. அக்கா போனைக் கொடுத்துவிட்டு மேலே ஏறி வந்து, மிச்சக் கேசரியை மூடி வைத்தாள்.

அன்று மத்தியானம் நான் மச்சானிடம் நேரடியாகவே பேசினேன். வீடியோவை முகப்பிலிருந்து எடுத்துவிட்டு வேறு எங்காவது வைப்போம் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"வீடியோ இல்லாட்டி அது கடை மாதிரியா இருக்கும்? கவர்மெண்டு கச்சேரியில போய் நிக்கிற மாதிரி இருக்கும்."

"தொறக்க நேரமாகுது மச்சான். ஆளுங்க நிக்க மாட்டேங்கிறாங்க."

"நின்னவனுக்குத்தான தெரியும் அதோட அருமை. ஆளுங்க நிக்கணும், அவ்வளவுதான? நிக்க வைக்கிறேன் பாரு."

ஒரு பக்கத்தில் ஆட்கள் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பது முக்கியம் என்று நான்தான் அவருக்கு எப்போதோ சொல்லியிருந்தேன். அவர் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் குரல் செய்தி அனுப்பினார். நம்ம கடையைத் திறந்து வையுங்கள், மூடிவிடாதீர்கள், எவ்வளவு நேரம் திறந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது. குரலில் இருந்த உருக்கத்தைக் கேட்டு எல்லோரும் திறந்து வைத்தார்கள். கட்டாரில் இருந்த சித்தப்பா மகன் கடையைத் திறந்து தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினான். மஸ்கெலியாவில் பெரியம்மா கடையைத் திறந்து, போனைச் சார்ஜில் போட்டு, கோயிலுக்குப் போய்விட்டார். திரும்பி வந்தபோது ரயில் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மாதத்துக்குப் போட்டிருந்த டேட்டா முடிந்திருந்தது. பெரியம்மா போனில் அக்காவைத் திட்டியது அடுப்படி தாண்டி எனக்குக் கேட்டது.

கடையின் வருகைக் கணக்குப் பக்கத்தில் நான் அந்தக் கூட்டத்தைப் பார்த்தேன். நிறையப் பேர் வந்திருந்தார்கள், நெடுநேரம் இருந்தார்கள். ஆனால் யாரும் கீழே நகரவில்லை, எதையும் அழுத்தவில்லை. கடைக்குள் வந்து சுவரைப் பார்த்து நின்றுவிட்டுப் போயிருந்தார்கள். கடை தேடலில் இருந்த இடத்திலேயே இருந்தது. மச்சானும் இருந்த இடத்திலேயே இருந்தார். நான் பேச்சை விட்டுவிட்டேன். அக்கா மெஷினை விட்டு எழவில்லை. தைத்துக்கொண்டே இருந்தாள்.

மச்சானின் அக்கா அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். அவர் மகள் பெரியவளாகி, சடங்குக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். தாய்மாமன் என்ற முறையில் மச்சான் சீர் செய்ய வேண்டும், வீடியோவும் எடுக்க வேண்டும். சீர்த்தட்டையும் கேமராவையும் அவர் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது. தட்டைப் பிடிக்கும்போது கேமரா என்னிடம் வரும். நான் எடுப்பதைப் பார்த்து, தட்டை என்னிடம் தந்துவிட்டு அவர் கேமராவை வாங்கிக்கொள்வார். கடைசியில் தாய்மாமன் இல்லாத சீர் வீடியோ ஒன்று தயாரானது.

சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் அவருடைய அக்கா வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏன் தம்பி, நீ சொக்ஸ் கடை போட்டிருக்கியாமே. எங்க மலையில இப்ப அட்ட தாங்க முடியல. எல்லாரும் கேக்குறாங்க."

"நான் ஒரு கட்டு அனுப்பி விடுறேன் மதினி" என்றாள் என் அக்கா.

"அனுப்ப வேணாம். நான் கடையிலதான் வாங்குவேன். என் தம்பி கடை. மத்தவங்க பாக்க வாங்கணும்."

மச்சானின் முகம் மலர்ந்துவிட்டது. இதை வீடியோ எடுக்கிறேன் என்று எழுந்தார்.

தோட்டத்து வரிசை வீடுகள் இருக்கும் லயத்தில் சிக்னல் கிடையாது. போன் பேச வேண்டுமென்றால் மேலே பெரட்டுக்களத்துக்குப் போக வேண்டும். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கக் கூடும் அந்த வெளியின் ஓரத்தில் ஒரு பெரிய கல் இருக்கிறது, அதன்மேல் ஏறி நின்றால் கிடைக்கும். நாங்கள் ஏறிப் போனோம். காலுறை கேட்ட பெண்கள் பட்டுச்சேலையோடு பின்னால் வந்தார்கள். சிலுசிலுவென்று தூறல். மதினி கல்லின்மேல் ஏறிப் போனை எடுத்தார். மச்சான் கீழே நின்று கேமராவை ஓடவிட்டார்.

மதினி கடையின் பெயரை அழுத்தினார். வெள்ளைத் திரை.

"வெள்ளையா இருக்கு தம்பி."

"வருது, வருது."

நின்றோம். மதினி போனை வானத்துக்குத் தூக்கினார், இறக்கினார், சேலையால் துடைத்தார். ஒரு பெண் கொட்டாவி விட்டாள். திடீரென்று நாதஸ்வரம் கிளம்பியது. சடங்கு மறுபடி தொடங்கிவிட்டதென்று நினைத்து இரண்டு பெண்கள் லயத்தின் பக்கம் ஓடப் பார்த்தார்கள். படம் இல்லை, சத்தம் மட்டும்தான். பிறகு பனி பாதித் திரைக்கு வந்து நின்றது. அதற்குக் கீழே சின்னதாக, காலுறையின் படமும் வாங்குவதற்கான பொத்தானும் தெரிந்தன.

"இந்தா, வந்துருச்சு" என்று மதினி விரலைக் கொண்டுபோனார்.

அந்த நேரம் பார்த்து ரயில் முழுசாக வந்தது. வந்த வேகத்தில் பொத்தானைக் கீழே தள்ளியது. மதினியின் விரல் வைத்த இடத்தில் வைத்ததுதான். அந்த இடத்துக்கு இப்போது வேறு ஒரு பொத்தான் வந்திருந்தது.

மச்சானின் சட்டைப் பையில் போன் அடித்தது.

அவர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல், ஒரு கையால் போனை எடுத்துக் காதில் வைத்தார். வாடிக்கையாளருக்கென்றே வைத்திருந்த குரலில், "வணக்கம், சொல்லுங்க. ஒங்களுக்கு என்ன உதவி செய்யலாம்?" என்றார்.

"தம்பி, நான்தான்" என்றார் கல்லின்மேல் நின்ற அவருடைய அக்கா.

பெண்கள் சிரித்த சிரிப்பில் கீழே லயத்திலிருந்து ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். மச்சான் சிரிக்கவில்லை. போனைக் காதிலேயே வைத்திருந்தார்.

"சொக்ஸ் எங்க தம்பி?"

"கீழ போகணுங்க்கா."

"கீழ போனா மேல வருதே."

அழைப்பை வெட்டிவிட்டுப் பார்த்தால் கடை மறுபடி வெள்ளையாகியிருந்தது. பிறகு சிக்னலும் போனது. தூறல் மழையாக மாறியதால் எல்லோரும் இறங்கி வந்தோம். இறங்கும்போது மதினி மச்சானின் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ரயிலு நல்லாருக்குடா. இவளும் அதுல அழகா இருக்கா. ஆனா நான் சொக்ஸுக்குத்தான வந்தேன்."

திரும்பி வரும் பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் தூங்கிவிட்டாள். மச்சான் எனக்குப் பக்கத்தில் கேமராப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திம்புல தாண்டியதும் மெதுவாகக் கூப்பிட்டார்.

"மாப்ள."

"சொல்லுங்க மச்சான்."

"ஒரு சடங்கு வீடியோவ மூனு மணி நேரம் உக்காந்து பாக்குறாங்க. கண்ணெடுக்க மாட்டாங்க. நான் பாத்திருக்கேன்."

"அதுல அவங்க இருக்காங்க மச்சான்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்க்கத் தொடங்கினார். நான் சொன்னது அவரைக் குத்திவிட்டதோ என்று எனக்குச் சங்கடமாக இருந்தது.

அடுத்த நாள் காலை அவர் எடுத்திருந்த வீடியோவைத் தன் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். கல்லின்மேல் தன் அக்கா நிற்கும் இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டார். வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும் முகம் நன்றாகப் பதிவாகியிருந்தது. முதலில் ஆசையாக இருக்கும் முகம், பிறகு காத்திருக்கும் முகம், பிறகு தம்பிக்காகக் காத்திருப்பதாகக் காட்டிக்கொள்ளும் முகம். அவர் ஒரு வீடியோக்காரர். முகத்தில் என்ன இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

என் மேசைக்கு வந்தார்.

"எப்படி எடுக்கிறது?"

காட்டினேன். அவரே அழுத்தினார். முகப்பிலிருந்து ரயில் போனது. பனிப்பூவை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை, அதையும் எடுத்தார். வணக்கம் சொல்லும் பெட்டியில் மட்டும் கொஞ்சம் தயங்கினார்.

"மரியாதைக்கு இருக்கட்டுமே?"

"தேவையில்ல மச்சான்."

எடுத்தார். அக்காவின் மெஷின் நின்றது.

"வீடியோவ அழிச்சிறாதீங்க" என்றாள், தலையைத் தூக்காமல். "எனக்கு அனுப்பிருங்க."

மச்சான் அவள் பக்கம் போய் நின்றார். நான் தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனேன்.

அதன்பிறகு கடை என் கைக்கு வந்தது. நான் வெளிநாட்டுக்காரர்களுக்குச் செய்யும் அதே வேலைதான். படங்களைக் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாத அளவில் இளைக்கவைத்தேன். ஒவ்வொரு படத்துக்கும் முன்கூட்டியே இடம் ஒதுக்கினேன், தாமதமாக வந்தாலும் அடுத்ததைத் தள்ளாமல் அது தன் இடத்தில் உட்காரும். காலுறையையும் பொத்தானையும் எல்லாவற்றுக்கும் மேலே கொண்டுவந்தேன். மதினிக்கு அழைத்து, கல்லுக்குப் போகும்போது ஒருமுறை திறந்து பாருங்கள் என்றேன். சாயங்காலம் குரல் செய்தி வந்தது.

"தொறந்துருச்சு. ஒடனே தொறந்துருச்சு. ஆனா எனக்கு எந்த அளவுன்னு தெரியலையே. வெரலு மாட்டுற செருப்புக்கு ஆகுமா? தொவச்சா சுருங்குமா?"

சட்டென்று திறந்த கடைக்குள் நின்று பார்க்க எதுவுமில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேகத்தைக் கவனித்துக்கொண்டிருந்ததில், வந்தவர் கேட்பதற்கு யார் பதில் சொல்வது என்பதை மறந்துவிட்டேன். அக்காவை உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டு எழுதினேன். பாதத்தைத் தாளில் வரைந்து அளவெடுப்பது எப்படி, எந்தத் துணி, எப்படித் துவைப்பது. அதையே சிங்களத்திலும் எழுதினேன், மருந்துக்கடை அம்மா திருத்தித் தந்தார். அட்டை உள்ளே போகுமா என்ற கேள்விக்கு நான் போகாது என்று எழுதியிருந்தேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"அப்படி எழுதாத. முழங்காலுக்கு மேல ஏறுற அட்டைக்கு நாங்க பொறுப்பில்லன்னு போடு."

"அப்படி யாராவது கடையில எழுதுவாங்களாக்கா?"

"உண்மைதான? போடு."

போட்டேன். பிற்பாடு ஆட்கள் அந்தப் பக்கத்தில் அதிக நேரம் நின்றது அந்த வரிக்குப் பக்கத்தில்தான்.

மச்சான் கொஞ்சநாள் கடைப் பக்கம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கேமராவைக் கழுத்தில் மாட்டி, கீழே பார்க்கும்படி சாய்த்துக்கொண்டு, கட்டிலில் உட்கார்ந்து காலுறையைப் போடுவதைக் கண்டேன். போட்டார், கழற்றினார், மறுபடி போட்டார். நாடாவை எங்கே சுற்றுவது, எங்கே முடிச்சு விழவேண்டும், சப்பாத்து எப்படி மேலே ஏறவேண்டும். பார்க்கிறவருக்குத் தன் சொந்தக் காலைக் குனிந்து பார்ப்பது போல இருக்கும். இசை இல்லை, துணி உரசும் சத்தம் மட்டும். அழுத்தினால் மட்டும் ஓடும்படி அதைக் கடையின் பக்கத்தில் வைக்கச் சொன்னார். ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிந்துவிடும் வீடியோ அது. கணக்குப் பக்கத்தில் பார்த்தேன், தொடங்கியவர்களில் அநேகம் பேர் கடைசி வரை பார்த்தார்கள். நான் அதைச் சொன்னபோது, "ம்" என்றார். ஆனால் அடிக்கடி வந்து கேட்டார்.

இவ்வளவும் செய்த பிறகு கடை தேடலில் இன்னும் கீழே போனது.

"இருந்த எடத்துலருந்து கீழ போறதுக்கா இம்புட்டுப் பாடு பட்டோம்?" என்று அக்கா கேட்டாள்.

பக்கத்தை மாற்றினால் சில நேரம் அப்படி ஆகும், பொறுங்கள் என்றேன். வெளிநாட்டுக்காரர்களுக்குச் சொல்லும்போது இதே வாக்கியம் தைரியமாக வரும். அக்காவுக்குச் சொல்லும்போது வரவில்லை. அவர்கள் நம்பவில்லையென்றால் மின்னஞ்சலோடு போய்விடுவார்கள். அக்கா எனக்குச் சோறு போடுகிறாள்.

பொறுத்திருந்தோம். மழை தொடங்கியது. கடை ஒவ்வொரு பக்கமாக மேலே ஏறி வந்தது. ஏறுவதும் இறங்குவதுமாக இருந்து, ஒருநாள் மருந்துக்கடை அம்மாவின் போனிலும் முதல் பக்கத்தில், நடுவில் ஓர் இடத்தில் நின்றது. அக்கா இந்த முறை கேசரி செய்யவில்லை. சொந்தக்காரர் அல்லாத நான்கு பேரிடம் போனை வாங்கிப் பார்த்துவிட்டு வந்து, "நெசம்தான்" என்றாள்.

என்ன காரணத்தால் ஏறியது என்று மச்சான் கேட்டார். ரயிலை எடுத்ததாலா என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை, ஆனால் கேட்டது அதைத்தான். எனக்குத் தெரியாது என்பதுதான் உண்மை. பக்கம் வேகமாகத் திறந்ததால் இருக்கலாம். அக்காவின் பதில்களை ஆட்கள் நின்று படித்ததால் இருக்கலாம். அவருடைய கால் வீடியோவால் இருக்கலாம். எங்களுக்கு மேலே நின்ற கடையில் சரக்கு தீர்ந்து அது மூடியதாலும் இருக்கலாம். எது எவ்வளவு என்று தேடுபொறி யாருக்கும் சொல்வதில்லை.

"ஒங்க வீடியோதான் மச்சான்" என்றேன்.

"எந்த வீடியோ?"

"கால் வீடியோ."

அவர் தலையாட்டிக்கொண்டு போனார்.

ஓடர்கள் முதலில் ஒன்றிரண்டாக வந்தன. பிறகு ஒரு மலையேறும் குழு மொத்தமாகக் கேட்டது. மதினியின் மலையிலிருந்து பெண்கள் ஒவ்வொருவராகக் கல்லின்மேல் ஏறி அவரவர் போனில் வாங்கினார்கள். கூரியர் தோட்டத்து மேட்டுக்கு ஏறாது என்று தெரிந்ததும், அக்கரப்பத்தனை பஸ் கண்டக்டரிடம் பொதியைக் கொடுத்துவிட மச்சான் ஏற்பாடு செய்தார். அக்காவால் தனியாகத் தைத்து முடியவில்லை. அடுத்த தெருவிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். அவர்களுக்கு மெஷின் போட இடம் வேண்டும் என்று ஒரு காலை அக்கா முன்னறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கடைசியாகப் பார்த்தது என் மேசையை.

இப்போது நான் அடுப்படியில், கேஸ் சிலிண்டருக்கும் அரிசி வாளிக்கும் நடுவில் உட்கார்ந்து வேலை செய்கிறேன். போன வாரம் ஒரு வெளிநாட்டுக் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தபோது, அந்தச் சீறல் சத்தம் என்ன என்று கேட்டார். பருப்பு வேகிறது என்றேன். அவர் தன் கடை ஏன் இன்னும் முதல் பக்கத்துக்கு வரவில்லை என்று கேட்டார். நான் எழுந்து போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து பதில் சொன்னேன்.